புதன்கிழமைக் கதிரை

எங்கள் வீட்டு விறாந்தையில் ஒரு மரக்கதிரை கிடக்கிறது. பழைய பள்ளிக்கூடக் கதிரை. ஒரு பக்கக் கைப்பிடி ஆடும். பிரம்பு பிய்ந்துபோன இருக்கையை என் மகன் பச்சை நைலோன் நூலால் பின்னியிருக்கிறான். கிழிந்த வலையைப் பொத்துகிற அதே முடிச்சு. பின்னி முடித்த மூலையில் கொஞ்ச நூலை வெட்டாமல் சுருட்டி விட்டிருக்கிறான். நைலோன் நாள்போக இளகும், அப்போது இழுத்துக் கட்ட மிச்சம் வேண்டும் என்று சொன்னவன். அது இளகும் காலத்தில் இழுத்துக் கட்டத் தானும் இருப்பான் என்று நினைத்திருக்கிறான். யாருக்குத்தான் அந்த நினைப்பு இல்லை.

இந்தக் கதிரை பள்ளிக்கூடத்தில் இருந்த காலத்தில் அதை வைத்துப் பாடம் எடுத்த ரீச்சரைப் பற்றித்தான் எழுத வந்தேன். அவரை எனக்குப் பிடிக்காது. இப்போதும் முழுதாகப் பிடிக்கும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் என் பிள்ளையிடம் இந்த உலகத்தில் ஒரேயொரு ஆள்தான் ஒழுங்கான ஒரு கேள்வி கேட்டிருக்கிறார். அந்த ஆள் நானில்லை, அவர்.

நகரத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் பதினோராம் வகுப்புக்கு வழிகாட்டல் பாடம் எடுத்தார். பரீட்சையில் வராத பாடம். அதனால் மற்ற ஆசிரியர்கள் அந்த நேரத்தைக் கேட்டு வாங்கிக் கணக்கும் விஞ்ஞானமும் படிப்பிக்கப் பார்ப்பார்கள். இவர் கொடுக்க மாட்டார். திரியாயிலிருந்து விடிய பஸ் ஏறி வருகிற மெலிந்த மனுசி. குரல் கடைசி வாங்குக்குக் கேட்காது. ஒன்றைக் கேட்டால் உடனே பதில் சொல்லத் தெரியாது, ஜன்னலைப் பார்த்து யோசித்துவிட்டுத்தான் வாய் திறப்பார். எனக்கு அப்படியான ஆட்களோடு பொறுமை இல்லை.

பாடம் இப்படித்தான். வகுப்பின் நடுவில் கதிரையை வைப்பார். ஒரு பிள்ளை வந்து இருக்க வேண்டும். இருந்ததும் அந்தப் பிள்ளைக்கு வயது நாற்பது. அன்றைக்குப் புதன்கிழமை. மற்றப் பிள்ளைகள் கேள்வி கேட்பார்கள். காலையில் உன்னை யார் எழுப்பியது, சோறு யார் சமைத்தது, யாரோடு இருந்து சாப்பிட்டாய், இன்றைக்கு யாரோடு கோபம், கதவை யார் பூட்டுவது. இப்படிச் சின்னக் கேள்விகள் மட்டும். தொழிலின் பெயரைச் சொல்லக்கூடாது. சந்தோசமாக இருக்கிறாயா என்று கேட்கக்கூடாது. அதற்கு எல்லாரும் ஓம் என்றுதான் சொல்வார்களாம்.

ஏன் புதன்கிழமை என்றால், அது ஒருவருக்கும் சொந்தமில்லாத நாள் என்பார். செவ்வாயும் வெள்ளியும் எங்களுக்குக் கோயில். வெள்ளி முஸ்லிம் பிள்ளைகளுக்கு ஜும்மா. ஞாயிறு வேதக்காரப் பிள்ளைகளுக்குப் பூசை. சனி என்றால் ரியூசன். புதனில் ஒன்றும் இல்லை. கலியாணம், வீடு குடிபூரல், பட்டம் வாங்குவது எல்லாம் ஒவ்வொரு நாள் விசயம், அதற்கு எல்லாரும் ஆயத்தமாகத்தான் இருக்கிறார்கள், மிச்சச் சீவியம் முழுக்கப் புதன்கிழமைதானே என்று பிள்ளைகளிடம் சொல்வாராம்.

என் மகன் வீட்டுக்கு வந்து கதை கதையாகச் சொல்வான். கிண்ணியாவிலிருந்து வருகிற ஒரு பெடியன், நல்ல உடம்பு, அவன் இருந்துதான் பிரம்பு பிய்ந்தது. "அவன்ர நாற்பது வயசுப் பாரத்தை இந்தக் கதிரை தாங்காது" என்று வகுப்பே சிரித்ததாம். அந்தப் பெடியன் விழுந்து எழும்பி, நின்றபடியே தன் புதன்கிழமையைச் சொன்னானாம். கொழும்பில் மூன்று மாடி, கீழே கடை, வெளியே வான். ஒரு பிள்ளை, "மத்தியானம் ஆரோட இருந்து சாப்பிட்டனீ?" என்று கேட்டதாம். அவன், "கடையில நிண்டபடி பார்சல் திண்டன்" என்றானாம். பிறகு, "என்ர வாப்பாவும் அப்பிடித்தான்" என்றானாம். அதற்குப் பிறகு ஒருவரும் சிரிக்கவில்லையாம். அந்த வாரமே என் மகன் கதிரையை கடற்கரையில் என் மைத்துனர் வலை வைக்கிற வாடிக்குக் கொண்டுவந்து பின்னிக்கொண்டு போனான்.

பிறகு அவன் முறை வந்தது. இரவுச் சாப்பாட்டில் எங்களுக்குச் சொன்னான். நாற்பது வயதிலும் எங்கள் ஊர் சல்லியில்தான் இருக்கிறானாம். விடியக் கடலால் வந்து, மீனை ஏலத்துக்குக் கொடுத்துவிட்டு, பத்து மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்து கிணற்றில் குளித்து, சோறு தின்று, வேம்புக்குக் கீழே படுக்கிறானாம். பின்னேரம் வலை பொத்துகிறானாம். அவ்வளவுதான். சொல்லிவிட்டுச் சொதியை ஊற்றிக் குழைத்தான்.

என் மனைவி கையிலிருந்த அகப்பையை வைத்துவிட்டு எழும்பினாள். அவளுக்கு அவன் என்ன சொன்னான் என்பது பெரிதில்லை, சொன்னதுதான் பிழை. வரப்போகிற வயதை இன்றைக்கே வாய்விட்டுச் சொல்லி, அதையும் ஒரு வகுப்புப் பிள்ளைகள் கேட்டால் நாவூறு படும் என்றாள். செத்தல் மிளகாயும் உப்பும் எடுத்து அவன் தலையைச் சுற்றினாள். அவன் வாயில் சோற்றோடு, "அம்மா, நாற்பது வயசுக்கும் சேர்த்துச் சுத்துங்கோ" என்றான். தங்கச்சிக்காரி விழுந்து விழுந்து சிரித்தாள். அடுப்பில் போட்ட மிளகாய் எல்லாரையும் இருமப் பண்ணியது.

நான் சிரிக்கவில்லை. நான் சீனன்குடாவில் எண்ணெய்த் தாங்கிகள் இருக்கிற இடத்தில் வால்வு திருத்துகிற வேலை செய்கிறேன். என் அப்பா கடற்காரர். காற்று என்றால் பட்டினி, மழை என்றால் பட்டினி, சண்டைக் காலத்தில் கடலில் இறங்கவே விடாமல் பட்டினி. மாதம் முடியச் சம்பளமும் பிறகு பென்சனும் வருகிற ஒரு கதவுக்குள் போய்ச் சேர நான் பட்ட பாடு எனக்குத் தெரியும். பெரியவர்களிடம் போய் நின்று, என் மகனையும் பழகுநனாக எடுப்பதாக ஒரு சொல் வாங்கி வைத்திருந்தேன். அவன் வேம்புக்குக் கீழே படுக்கப் போகிறானாம்.

அடுத்த நாளே பள்ளிக்கூடத்துக்குப் போனேன். ரீச்சர் மரத்தடியில் நின்று சாப்பாட்டுப் பெட்டியை மூடிக்கொண்டிருந்தார்.

"பிள்ளையளுக்கு என்ன படிப்பிக்கிறியள்? கடலுக்குப் போகச் சொல்லியோ?" என்றேன்.

அவர் வழக்கம்போல எங்கேயோ பார்த்தார். "நான் பதில் ஒண்டும் சொல்லிக்குடுக்கேல்லை அண்ணை. கேள்விதான் கேட்டனான்."

"கேள்வி கேட்டா அவன் அதையே பிடிச்சுக்கொண்டு நிப்பான். பதினாறு வயசுப் பெடியனுக்கு என்ன விளங்கும்?"

"பதினாறு வயசிலதானே பாடத்தைத் தெரிவு செய்யச் சொல்லிப் பேப்பர் குடுக்கிறம். அதுக்கு மட்டும் விளங்குமோ?" என்றார். பிறகு மெல்ல, "எங்களிட்ட ஒருத்தரும் கேக்கேல்லை. சண்டைக்குள்ள ஓடச் சொன்னவை, ஓடினம். படிக்கச் சொன்னவை, படிச்சம். அதுதான் கேக்கிறன்" என்றார்.

நான் கத்தினேன். பிள்ளைகள் ஜன்னலால் எட்டிப் பார்த்தார்கள். அவர் திருப்பிக் கத்தவில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். சண்டை பிடிக்காத ஆளோடு எப்படிச் சண்டை பிடிப்பது.

மகன் சாதாரண தரப் பரீட்சை எழுதினான். பெறுபேறு மோசமில்லை. பழகுநன் வேலைக்கு வா என்றேன். "வேண்டாம் அப்பா" என்றான். குரலை உயர்த்தவில்லை. வீம்பு பிடிக்கிற பெடியனை அடித்துத் திருத்தலாம், இவன் யோசித்துச் சொல்கிறான். ஒரு கிழமை அவனோடு கதைக்காமல் இருந்தேன். அவன் தாய்மாமனின் பைபர் படகில் ஏறிவிட்டான்.

பின்னேர முறை வேலை உள்ள நாட்களில் நான் காலையில் வீட்டில் நிற்பேன். பத்து மணி போல மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்கும். படலையைக் காலால் தள்ளித் திறப்பான். எத்தனை தரம் சொல்லியும் கையால் திறந்ததில்லை. உடம்பெல்லாம் உப்பு. கிணற்றில் அள்ளி ஊற்றுவான், நான் விறாந்தையில் இருந்து ஏசுவேன். கடல் வேலைக்குக் கடவுள்கூடப் பென்சன் தரமாட்டார் என்பேன். மாமனை ஏசுவேன், ரீச்சரை ஏசுவேன். அவன் தலையைத் துவட்டிக்கொண்டு, "ஓம் அப்பா, ஓம் அப்பா" என்று சோற்றுக்குப் போய்விடுவான். சாப்பிட்டுவிட்டு வேம்புக்குக் கீழே பாயைப் போட்டான் என்றால் கண் மூடினதும் நித்திரை. வாய் கொஞ்சம் திறந்திருக்கும். நான் வேலைக்கு வெளிக்கிடும்போது வெயில் நகர்ந்து அவன் முகத்தில் விழும். பாயை இழுத்து நிழலில் விட்டுவிட்டுப் போவேன். அவனுக்கு அது தெரியாது.

பத்தொன்பது வயது முடிகிற நேரம் போனான். கடலில் இல்லை. அதை முதலில் சொல்ல வேண்டும், ஏனென்றால் கேட்கிறவர்கள் எல்லாரும் "கடலாலயோ?" என்றுதான் கேட்கிறார்கள். காலை வெயிலில், காய்ந்த தார் வீதியில், மீன் பெட்டியைப் பின்னால் கட்டிக்கொண்டு பட்டினத்துச் சந்தைக்குப் போனவனை மணல் ஏற்றிவந்த டிப்பர் அடித்தது. வளைவு இல்லை, மழை இல்லை. முன்னால் போன பஸ்ஸை முந்த வந்தவனுக்கு என் பிள்ளை கண்ணில் படவில்லையாம். பெட்டி உடைந்து வீதியெல்லாம் மீன். நான் போய்ச் சேர்ந்தபோது யாரோ அதைக் கூட்டி ஓரமாக ஒதுக்கியிருந்தார்கள்.

அந்த நிலாவெளி வீதியால்தான் நானும் தினமும் வேலைக்குப் போகிறேன். நான் சொன்ன வேலைக்கு வந்திருந்தாலும் அவன் அதே வீதியால், அதே நேரத்துக்குத்தான் போயிருப்பான். இதை எத்தனை தரம் யோசித்தேன் என்று தெரியாது. கடலை ஏசலாம் என்றால் கடல் ஒன்றும் செய்யவில்லை. ரீச்சரை ஏசலாம் என்றால் அவர் டிப்பர் ஓட்டவில்லை. அடித்தவனை நீதிமன்றத்தில் பார்த்தேன், அவனும் ஒரு பெடியன்தான், நடுங்கிக்கொண்டு நின்றான். கோபம் மட்டும் போக இடமில்லாமல் என்னோடேயே இருக்கிறது.

என் மனைவிக்கு இடம் இருந்தது. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த அடுத்த நாள் தலையைக்கூட வாரி முடியாமல் பள்ளிக்கூடத்துக்குப் போய், வகுப்பு நடக்கும்போதே வாசலில் நின்று கத்தியிருக்கிறாள். "என்ர பிள்ளையின்ர நாற்பதை வாயால சொல்லவைச்சு முடிச்சுப்போட்டாய். அதாலதான் அவன் பத்தொன்பதைத் தாண்டேல்லை." ரீச்சர் எழும்பி வந்து அவள் கையைப் பிடிக்கப் போக, இவள் தட்டிவிட்டாளாம். நான் போய்த்தான் கூட்டிக்கொண்டு வந்தேன். மற்றத் தாய்மாருக்கும் பயம் பிடித்துவிட்டது. படித்த தாய்மார், அரச வேலை செய்கிற தாய்மார், எல்லாரும் நாவூறுக்குப் பயந்தார்கள். பள்ளிக்கூட அதிபர் பாடத்தை நிற்பாட்டினார். கதிரை உடைந்த மேசைகள் போடும் அறைக்குப் போனது. ஒருவரும் ஒரு கேள்வி கேட்கவில்லை.

இந்த வருடம் என் மகள் அதே பள்ளிக்கூடத்தில் பதினோராம் வகுப்பு. ஒருநாள் சும்மா கேட்டேன், வழிகாட்டல் பாடம் எப்படி என்று. "அதில இப்ப கணக்குத்தான் அப்பா" என்றாள். பிறகு தன் பாட்டில், "நான் படிக்கப்போறது மற்சோ, பயோவோ எண்டு கேட்டவை. அண்ணாட்ட கேட்ட மாதிரி என்னட்ட ஒருத்தரும் கேக்கேல்லை" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. அடுத்த நாள் வேலைக்குப் போகாமல் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். ரீச்சர் அதே மரத்தடியில் இருந்தார். தலை பாதி நரைத்திருந்தது. என்னைக் கண்டதும் எழும்பினார். அடிக்க வந்தேன் என்று நினைத்திருக்கலாம்.

"ஏன் நிப்பாட்டினனீங்கள்?" என்றேன்.

"அதிபர் விடேல்லை."

"மற்ற ரீச்சர்மார் கணக்குப் படிப்பிக்க நேரம் கேக்கேக்க குடுக்காத ஆள்தானே நீங்கள்?"

"நான் பயந்துபோனன் அண்ணை. உங்கட மனுசி சொன்னது உண்மையோ எண்டு. படிச்சனான்தான். எண்டாலும் அவ சொல்ல முந்தியே, அவனைச் சுடலைக்குக் கொண்டு போகேக்க நானும் அதைத்தான் நினைச்சனான்."

"என்ர பிள்ளை டிப்பர் அடிச்சுச் செத்தவன். நீங்கள் கேட்டதால இல்லை" என்றேன். இதை நான் ஒருவரிடமும் இப்படி வாய்விட்டுச் சொன்னதில்லை. "உங்களில எனக்கு இப்பவும் கோபம்தான் ரீச்சர். அதுக்கு என்ர மகள் என்ன செய்தவள்? அவளுக்கு ஏன் கேள்வி இல்லை?"

அவர் முகத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்தார். பிறகு நான் கேட்காத ஒன்றைச் சொன்னார். மகன் கதிரையில் இருந்த நாள், ஒரு பிள்ளை, "உன்ர அப்பா எங்க?" என்று கேட்டதாம். "விறாந்தையில இருந்து என்னை ஏசிக்கொண்டிருக்கிறார்" என்றானாம். வகுப்பே சிரித்ததாம். "நாற்பது வயசிலயும் ஏச்சோ? கோபம் வரேல்லையோ?" என்று இன்னொரு பிள்ளை. "இல்லை. அந்தச் சத்தம் கேட்டாத்தான் வீட்ட வந்தது மாதிரி" என்றானாம்.

இதை அவன் எங்களிடம் சொல்லவில்லை. சொல்லக் கூச்சப்பட்டிருப்பான்.

பாடத்தைத் திரும்பத் தொடங்க அவரால் ஏலாது, அது எனக்கும் விளங்கியது. அறையைத் திறந்து, மேசைகளுக்குள் இருந்து கதிரையை இழுத்து எடுத்து, தூசியைத் தட்டினார். "உங்கட பிள்ளை பின்னினது. கொண்டு போங்கோ. நீங்களே கேளுங்கோ" என்றார். அவர் கண்ணில் நீர் நின்றது. நான் நன்றி சொல்லவில்லை. மோட்டார் சைக்கிளுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு அதே வீதியால் வந்தேன்.

மனைவி கதிரையைக் கண்டதும் எனக்கு முதுகைக் காட்டிக் குசினிக்குள் போனாள். கொத்தி அடுப்பில் வைப்பாள் என்று நினைத்தேன். வைக்கவில்லை. நூலில் மகனின் கை பட்டிருக்கிறதே. அது விறாந்தையிலேயே கிடந்தது.

புதன்கிழமை எனக்கு லீவு. மகள் பள்ளிக்கூடத்தால் வந்து, உடுப்பும் மாற்றாமல், கதிரையில் போய் இருந்தாள். நானாக ஒன்றும் சொல்லவில்லை. "எனக்கு நாற்பது வயசு" என்றாள். "கேளுங்கோ அப்பா."

எனக்கு இதெல்லாம் பழக்கமில்லை. "எங்க இருக்கிறாய்?" என்றேன்.

"தூரத்தில. கடல் இல்லாத ஊர். இந்த வீதியும் இல்லாத ஊர்."

அது குத்தியது. இருந்தாலும் கேட்க வந்தவன் கேட்கத்தானே வேண்டும். "காலமை ஆர் எழுப்பினது?"

"ஒருத்தரும் இல்லை. நானே எழும்பினனான். பிளேன்ரீ ஊத்திக் குடிச்சன். ஜன்னலுக்கு வெளியில மலை தெரியுது."

குசினியில் தேங்காய் துருவுகிற சத்தம் நின்றது. மனைவியின் குரல் மட்டும் வந்தது. "அண்ணான்ர படம் எங்க கொழுவியிருக்கிறாய்?"

மகள் திரும்பிப் பார்க்கவில்லை. தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "கொழுவேல்லை அம்மா. அலுமாரிக்குள்ள, சீலையளுக்குக் கீழ வைச்சிருக்கிறன். இன்னும் பார்க்க ஏலாமக் கிடக்கு."

நாற்பது வயதிலும் ஏலாது என்கிறாள். அவ்வளவு தூரம் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்கிற மாதிரிச் சொன்னாள்.

மனைவி வெளியே வந்தாள். கையில் செத்தல் மிளகாயும் உப்பும். கதிரையைச் சுற்றி வந்து மகளின் தலையைச் சுற்றத் தொடங்கினாள். சுற்றினாள், சுற்றினாள், நிற்பாட்டவேயில்லை. அண்ணன்காரன் சொன்ன பகிடி மகளுக்கும் ஞாபகம், எனக்கும் ஞாபகம். ஒருவரும் அதைச் சொல்லவில்லை. கடைசியில் நான்தான் மனைவியின் கையைப் பிடித்து நிறுத்தி, மிளகாயை வாங்கி அடுப்பில் போட்டேன். எல்லாரும் இருமினோம். கண்ணீருக்கு ஒரு காரணம் கிடைத்தது.

நல்ல வாழ்க்கை எது என்று அந்த ரீச்சருக்குத் தெரியுமோ எனக்குத் தெரியாது. என் மகன் நாற்பது வயதுக்கென்று சொல்லிவைத்த புதன்கிழமையைப் பத்தொன்பது வயதுக்குள் வாழ்ந்துவிட்டான், அதனால் மனதைத் தேற்று என்று சிலர் சொல்கிறார்கள். அப்படிச் சொல்கிறவர்களை நான் படலைக்கு வெளியே அனுப்பிவிடுகிறேன். கொஞ்ச நாள் வாழ்ந்தது போதாது. என் பிள்ளைக்கு அது காணாது.

இன்றைக்கும் புதன்கிழமை. மனைவியும் மகளும் இல்லாத நேரம், பத்து மணி போல, முதல் தரமாக அந்தக் கதிரையில் இருந்து பார்த்தேன். நூல் இளகவில்லை, இறுக்கமாகத்தான் பின்னியிருக்கிறான். மிச்ச நூல் மூலையில் சுருண்டபடி இருந்தது. வேம்பின் நிழல் முற்றத்தில் வெறுமனே கிடந்தது. வீதியால் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து, நிற்காமல் போனது. படலையைக் காலால் திறக்காதே என்று சத்தமாக ஏசினேன்.